அஸ்தோத் தெருவில் ஒரு மாம்பழ மஞ்சள் சேலை

...பாட்டுப் புஸ்தகத்தைக் கொஞ்ச நேரம் மடியில வைங்க, அக்காமாரே. பிரசங்கம் பண்ண எனக்குப் படிப்பு கிடையாது. அஞ்சாம் வகுப்போட சரி. ஆனா ஒரு குட்டிக் கதை இருக்கு. அதைச் சொல்லாம இறங்க மாட்டேன்.

என் வீட்டுக்காரர் செல்லத்துரை தவறின பிறகு நான் இஸ்ரவேல் நாட்டுக்கு வேலைக்குப் போனது உங்களுக்குத் தெரியும். பைபிள்ல அஸ்தோத்துன்னு வருமே... அந்த ஊரேதான். அங்க ஷிமோன்னு ஒரு பெரியவர். நம்ம பைபிள் சீமோன் பேர்தான்! பஸ் ஓட்டி ஓய்வு வாங்கினவர். அவரைப் பார்த்துக்கிறதுதான் என் வேலை. கால் விழுந்துபோச்சு, தொண்டை விழல. அவரைச் சக்கர நாற்காலியில வச்சுத் தள்ளிட்டுப் போனா, ஹாரனே வேண்டாம்!

பாஷை படிக்கணுமே? காலை வணக்கத்துக்கு 'போக்கர் தோவ்'. மெதுவாங்கிறதுக்கு 'லேஆத் லேஆத்'. நன்றிக்கு 'தோடா'. எம்மா... அவ்வளவு பெரிய மனுஷனைப் பார்த்து 'டா' போட எனக்கு நாக்கே எழும்பல!

ஒரு வெள்ளிக்கிழமை அவர் பேத்திக்கு நிச்சயம். 'நல்லதா உடுத்திட்டு வா'ன்னுட்டார். என் பெட்டியில நல்லதுன்னு ஒண்ணே ஒண்ணுதான். மாம்பழ மஞ்சள்ல ஒரு சேலை. கிறிஸ்மஸுக்கு என் வீட்டுக்காரர் எடுத்து வச்சது. கிறிஸ்மஸ் வந்துச்சு... அவர் இல்ல. நம்ம ஊர்ல அதை உடுத்தியிருக்க முடியுமா? 'இவளுக்கு இப்பப் புதுசு கேக்குதோ'ன்னு ஒரு சொல் வந்திருக்காதா? சரி, இங்க என்னை யாருக்குத் தெரியும்னு உடுத்திட்டேன்.

ரொட்டி வாங்கத் தெருவுல இறங்கினோம். பெரியவர் சும்மா வந்தாரா? பார்க்கிறவங்ககிட்ட எல்லாம், 'சிம்லா ஹதாஷா! புது உடுப்பு, பாருங்க!' காய்கறிக்காரன் என்னைப் பார்த்துக் கையை நீட்டி, 'தித்ஹத்ஷி!'ன்னு ஒரு சத்தம். எனக்குத் திக்குன்னுச்சு. மருந்துக்கடை வாசல்ல ஒருத்தி... அவளும் 'தித்ஹத்ஷி!' அந்த வார்த்தை எனக்குத் தெரியாது. ஆனா 'ஹதாஷ்'னா புதுசு, அது தெரியும். அது உள்ள ஒளிஞ்சு கிடக்கே! அப்ப வேற என்ன சொல்லுவாங்க? 'புருஷன் போனவளுக்குப் புதுசு கேக்குதோ...' கடல் தாண்டி வந்தும் அந்தப் பேச்சு என்னை விடலியே!

ரொட்டிக்கடையில யாஃபான்னு ஒரு அம்மா. என் வயசுதான் இருக்கும். எட்டிப் பார்த்து, வாயெல்லாம் பல்லா... 'தித்ஹத்ஷி!'

எனக்குக் கண்ணு முட்டிருச்சு. ஓடிப்போய் அவுத்துப் போடணும், இனி இந்தச் சேலையைத் தொடவே கூடாதுன்னு தோணிருச்சு. பாதி எபிரெயம், பாதி தமிழ்ல கேட்டுட்டேன்: 'அனி அல்மனா... நான் விதவை. அதுக்கு ஏன் இப்படி ஏசுறீங்க?'

அவ மாவுக் கையோட வெளிய வந்தா. என்ன சொன்னா தெரியுமா? 'கம் அனி!' நானும் விதவைதான்! சொல்லிட்டு, பச்சையா பளபளன்னு ஒரு செருப்பு போட்டிருந்தா, அதைத் தூக்கிக் காட்டுறா. 'இது புதுசு! எனக்கும் சொல்லு!'

பெரியவர் நாற்காலியில இருந்து கத்துறார். 'ஏச்சு இல்லம்மா அது, வாழ்த்து! புதுசு உடுத்தின யாருக்கும் சொல்லுவோம். துணிக்கு இல்ல... உனக்கு. நீ புதுசா ஆகணும்னு!'

அப்படியா சேதி? நான் மூக்கைத் துடைச்சுட்டு, அந்தச் செருப்பைப் பார்த்து, அடிவயித்துல இருந்து சொன்னேன்: 'தித்ஹத்ஷி!' கடையில நின்ன அத்தனை பேரும் கை தட்டிட்டாங்க. அந்தக் கூத்துல ரொட்டியை வாங்காமலே வீடு வந்து சேர்ந்தோம்!

இதை எதுக்குச் சொல்றேன்? பெட்டிக்குள்ள புதுச் சேலையைப் பூட்டி வச்சிருக்கிறவ நான் ஒருத்தி மட்டுமா? இந்தக் கோயிலுக்குள்ள எத்தனை பேர்! எதுக்குப் பயந்து? நம்ம நாக்குக்குப் பயந்துதானே! அதே நாக்கு ஒரு வாழ்த்துச் சொன்னா என்ன, தேஞ்சா போகும்? அடுத்த ஞாயிறு ஒருத்தி புதுசு உடுத்திட்டு வந்தா, விலை கேக்காதீங்க. யாருக்காகன்னு கேக்காதீங்க. எபிரெயமும் வேண்டாம். 'உடுத்து மக்கா, புதுசா இரு'ன்னு சொல்லுங்க.

எங்க, இப்பவே சேர்ந்து சொல்லுங்க பார்ப்போம்... ம்ஹூம், பத்தல. இன்னும் சத்தமா! பின்வரிசையில வெள்ளைச் சேலையோட ஒதுங்கி இருக்கிற மைனிமாரே... நீங்க சொல்ல வேண்டாம். நீங்க கேளுங்க.