வரையாட்டுக் கடிவாளம்

நல்ல தேன்மெழுகு கைச்சூட்டிலேயே இளகிவிடும், சம்பந்தி. அதனால்தான் விடிந்ததும், கை குளிர்ந்திருக்கும்போதே, வெண்கலத்தில் வார்க்கப்போவதை மெழுகில் உருவம் பிடிப்பேன். அந்தக் கடிவாளத்தின் இரண்டு பக்கத் தகடுகளுக்கும் இறக்கை முளைத்த வரையாடுகளைச் செய்தேன். என் மகள் பர்மிஸ் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள்.

"இந்த ஆட்டுக்கு உங்க மூஞ்சிய வெச்சிட்டீங்கப்பா. அதே முறைப்பு."

தாயில்லாமல் வளர்ந்தவள். கருவாலி மரத்துக் கொட்டையை இடித்த மாவில் அவள் சுடும் ரொட்டி எப்போதும் ஒரு பக்கம் கருகியிருக்கும். அந்தக் கருகலே எனக்குப் பிடித்துப்போயிற்று. உங்கள் மகன் அர்ஷம் பெண் கேட்டு வந்தபோது நான் மறுக்கவில்லை. நல்ல பையன். ஆனால் உங்கள் மேய்ச்சல் நிலம் கணவாய்க்கு அப்பால் இருக்கிறது. அங்கே வாழப்போன பெண்கள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

மாப்பிள்ளையின் குதிரைக்குப் பெண்ணின் தகப்பன்தான் கடிவாளம் தர வேண்டும். நானும் தந்தேன். குதிரையின் வாய்க்குள் போகும் தண்டை வார்க்கும்போது மட்டும், அச்சுக்குள் ஒரு களிமண் உருண்டையை வைத்து வெண்கலத்தை ஊற்றினேன். வெளியே பளபளப்பு, நடுவில் வெறும் கூடு. கணவாய் இறக்கத்தில் அவன் இழுத்துப் பிடிக்கும்போது முறியும். மணப்பெண் பின்னால் கோவேறு கழுதையில்தான் வருவாள். கொஞ்ச நாள் அழுவாள். வீட்டுக்கு அழைத்து வந்துவிடலாம் என்று நினைத்தேன்.

புறப்படும்போது குதிரைமேல் இருந்த அர்ஷம் சிரித்தான். "மாமா, உங்க பொண்ணு வாய்க்கும் ஒரு கடிவாளம் செஞ்சு குடுங்க."

"எங்கப்பா செஞ்சது, நாந்தான் மொதல்ல ஓட்டுவேன். உனக்குக் கழுதைதான் பொருத்தம், எறங்கு," என்றாள் அவள்.

எல்லாரும் சிரித்தார்கள். அவன் இறங்கிக் கொடுத்தான்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். அதற்குப் பிறகு அவள் என்னைப் பார்க்கும் பார்வையை என்னால் தாங்க முடியாது. "பாத்துப் போம்மா," என்றேன்.

இறக்கத்தில் தண்டு முறிந்தது. குதிரை அவளோடு பள்ளத்தில் விழுந்தது.

இறந்தவர் தலைக்கடியில் அவர் ஏறிய குதிரையின் கடிவாளத்தை வைத்துப் புதைக்கிறோம். உடைந்ததை வைக்கக்கூடாது என்பதால், சரிசெய்து தரும்படி நீங்களே அதை என்னிடம் எடுத்து வந்தீர்கள். முறிந்த இடத்திலிருந்து களிமண் தூள் உங்கள் உள்ளங்கையில் உதிர்ந்தது. அதைத்தான் இப்போது கேட்கிறீர்கள். முரட்டுக் குதிரையைப் பெண்ணிடம் கொடுத்தான் என்று ஊரார் அர்ஷமைத் திட்டுகிறார்கள். அவனை விட்டுவிடச் சொல்லுங்கள். செய்தது நான்.

புதிய தண்டு வார்த்துவிட்டேன். இதில் கூடு இல்லை. அவள் தலைக்கடியில் வையுங்கள். ஆனால் கணவாய்க்கு அப்பால் கொண்டுபோக வேண்டாம். என் உலைக்கு மேலே, சரிவில் குழி வெட்டி வைத்திருக்கிறேன். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.

'எங்கப்பா செஞ்சது' என்றாளே, என்னை விட்டுப் போக மனமில்லாமல்தான் அவள் அந்தக் குதிரையில் ஏறினாள்.