நாலாவது மாத்திரை

— அந்த டப்பாவைக் கீழ வைங்க.

— வைக்கமாட்டேன். இன்னையோட எல்லாத்துக்கும் ஒரு முழுக்கு. நாலும் குப்பைக்கு.

— டாக்டரைவிடப் பெரிய ஆளாயிட்டீங்களா? மூணு மாத்திரைக்கும் மசியாத பிரஷர், நாலாவதா அவர் ஒண்ணு சேர்த்தப்புறம்தானே எறங்குச்சு?

— கேட்டுக்கோ. அந்த நாலாவதை நான் ஒழுங்கா முழுங்கினதே கொஞ்ச நாள்தான். அப்புறம் உன் கண்ணு முன்னாடி வாயில போட்டு, பின்பக்கம் குழாயடியில போய்த் துப்பிட்டேன். அப்பவும் எறங்கித்தானே இருக்கு? எல்லாம் ஏமாத்து வேலை.

— வெக்கமா இல்ல, சொல்றதுக்கு?

— அதை எழுதிக் கொடுத்தவருக்கு வரட்டும் வெக்கம்.

— நல்லாச் சொன்னீங்க போங்க. மில்லுல பாய்லர் முள்ளு சிவப்பைத் தொட்டா பதறி ஓடுறீங்க. உங்க முள்ளு வருஷக்கணக்கா சிவப்புலயே கெடந்துச்சு. உங்க அண்ணன் மாதிரி ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு விழுந்தா, நான்தானே அள்ளிப் போடணும்?

— அள்ளாதே. விழுந்த இடத்துலயே விட்டுடு.

— இந்த மெரட்டலை எல்லாம் உங்க தங்கச்சிகிட்ட வெச்சுக்கோங்க. எதுக்குத் துப்புனீங்க? அதைச் சொல்லுங்க.

— விடு.

— விடமாட்டேன். பாய்லர் பக்கத்துல வெத்து உடம்போட நின்ன மனுஷன், இப்ப ஃபேனுக்குக் கீழயும் சட்டையோட தூங்குறீங்க. கையை மேல போட்டா தட்டி விடுறீங்க. எவ அவ?

— எவளுமில்ல. இந்தா, கழட்டிட்டேன். பாரு. நல்லாப் பாரு.

— போட்டுக்கோங்க. ஜன்னல் தொறந்திருக்கு.

— பார்த்தியா, உனக்கே பொறுக்கல. கரி தள்ளுற பய என்னை 'அக்கா, தள்ளி நில்லுங்க'ங்கிறான். ஷிஃப்டே சிரிக்குது. முப்பது வருஷம் அதட்டி வேலை வாங்கினவன் நான்.

— இது அந்த மாத்திரையாலயா?

— அப்படித்தான் நானும் நெனச்சேன். மருந்துக்கடைக்காரர்கிட்ட யாருக்கோ கேக்குற மாதிரி கேட்டேன். சில ஆம்பளைங்களுக்கு நெஞ்சு வீங்குமாம், நிறுத்தினா அடங்குமாம்.

— இதை டாக்டர்கிட்ட சொல்லியிருந்தா வேற ஒண்ணு மாத்திக் கொடுத்திருக்கமாட்டாரா? இதுக்கா இத்தனை நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு...

— முழுசாக் கேளு. நிறுத்தி மாசக்கணக்காச்சு. அடங்கல. வளருது. தொட்டா வலிக்குது. அப்ப இது மாத்திரை இல்லடி, கட்டி. எங்கம்மாவுக்கு வந்த அதே கட்டி. அவ ஆஸ்பத்திரியில முடியெல்லாம் கொட்டி, தண்ணி எறங்காம கெடந்ததைப் பக்கத்துல இருந்து பார்த்தவன் நான். அந்தச் சாவு எனக்கு வேணாம். பிரஷர் ஏறட்டும். ஒரே அடியா போயிடுறேன். டப்பாவை விடு.

— கட்டி இல்லங்க.

— உனக்கென்ன தெரியும்?

— நீங்க துப்புறதை முதல் வாரமே பார்த்துட்டேன். அன்னையிலேருந்து அந்த நாலாவதை நான்தான் பொடிச்சு உங்க டீயில கலக்குறேன்.