மருந்து ஆருக்கு?

ஸஹ்னா: உங்கட கூடப்பொறந்த ராத்தா உங்களிட்ட என்ன சொன்னா? ஒரு சொல்லும் விடாமச் சொல்லுங்க மச்சான்.

ஹுனைஸ்: இப்ப என்னத்துக்கு அது…

ஸஹ்னா: ரெண்டு கிழமையா என்ட கையால ஒரு தேத்தண்ணி குடிக்கல நீங்க. கலியாணம் முடிச்சுப் பதினொரு வருஷம், இப்பிடி ஒரு நாள் இருந்ததில்ல. கட்டாருக்குப் போறதுக்கு முந்தியே தனியாச் சாப்பிட்டுப் பழகுறீங்களா?

ஹுனைஸ்: கட்டார் இன்னும் முடிவாகல்ல எண்டு சொன்னேனே. எனக்கு வயிறு சரியில்ல.

ஸஹ்னா: சரியில்லாத வயித்துக்குத்தான் பாலாவிக் கடையில கொத்து ரொட்டி. உங்கட சேர்ட்டே சொல்லுது. ராத்தா என்ன சொன்னா?

ஹுனைஸ்: … அண்டைக்கு நான் நுரைச்சோலையில கெப் வாகனத்துல பீற்றூட் ஏத்திக்கொண்டு நிண்டன். கோல் எடுத்தா. ‘தம்பி, தனியாவா நிக்கிற?’ எண்டு கேட்டா. ஓம் எண்டன். ‘கெப்புக்குள்ள ஏறிக் கண்ணாடிய மூடு’ எண்டா.

ஸஹ்னா: கண்ணாடி மூடுற கதையா?

ஹுனைஸ்: மூடினன். ‘உனக்கு ராத்தா பொய் சொல்லியிருக்கேனா?’ எண்டா. இல்ல எண்டன். ‘உன்ட பொஞ்சாதி கிணத்தடியில நிண்டு ஆரோடயோ போன்ல கதைச்சா. மாம்பழம் குடுக்க வந்த நான் என்ட காதால கேட்டன்’ எண்டா.

ஸஹ்னா: என்ன கதைச்சனாம்?

ஹுனைஸ்: ‘வெள்ளிக்கு வெள்ளி, அவர் ஜும்ஆவுக்குப் போன உடன ஊத்துறன். அவருக்குத் தெரியாது. மருந்து நல்லா வேலை செய்யுது. முந்தி மாதிரிக் கத்துறதில்ல, புகைக்கிறதில்ல, சொன்னபடி ஓடுது.’ இப்பிடி நீ சொன்னியாம். சிரிக்காத.

ஸஹ்னா: ஆரு சிரிச்சது. புகைக்கிறது எண்டா என்ன எண்டு நினைச்சா ராத்தா?

ஹுனைஸ்: சிகரட்டு. நான் விட்டு மூணு மாசம்தானே.

ஸஹ்னா: கத்துறது?

ஹுனைஸ்: நான் கத்துறதே இல்ல எண்டுதான் ராத்தாவிட்டச் சொன்னன்.

ஸஹ்னா: அதையும் கத்தித்தான் சொல்லியிருப்பீங்க. அது சரி, ‘ஓடுது’ எண்டு சொன்னேனாமே. எண்டைக்காவது உங்கள நான் ‘அது’ எண்டு சொல்லியிருக்கேனா? அதையும் ரெண்டு பேரும் யோசிக்கலயா?

ஹுனைஸ்: நான் கேட்டன். ராத்தா சொன்னா, மருந்து வச்சவளுக்குப் புருஷன் ‘அது’தானாம்.

ஸஹ்னா: அப்ப நான் உங்களுக்கு மருந்து வச்சு, மயக்கி, கைக்குள்ள போட்டுட்டன்.

ஹுனைஸ்: ராத்தாதான் சொன்னா. நான் நம்பல.

ஸஹ்னா: நம்பாமத்தான் ரெண்டு கிழமையா ஊட்டுல சாப்பிடாமத் திரிஞ்சீங்க.

ஹுனைஸ்: அந்த வெள்ளிக்கிழமை நீ சோறு போட்ட நேரம் உன்ட கையில ஒரு மணம். மண்ணெண்ணெய் மாதிரி… அதுக்குப் பிறகுதான் எனக்கும் ஒரு மாதிரியாப் போச்சு.

ஸஹ்னா: சவுக்காரம் போட்டு மூணு தரம் கழுவினன்.

ஹுனைஸ்: அப்ப ஊத்தினது உண்மை.

ஸஹ்னா: உண்மை.

ஹுனைஸ்: வல்லாஹி?

ஸஹ்னா: வல்லாஹி. ஊத்தினன். உங்களுக்கில்ல… கெப்புக்கு.

ஹுனைஸ்: கெப்புக்கா?

ஸஹ்னா: டீசல் டேங்குக்குள்ள. சிலாபத்துல என்னோட தையல் பழகின டெனிஷா இருக்காளே, அவளோடதான் அண்டைக்குக் கதைச்சன். அவட அண்ணன் நிக்கொலஸ் மீன்பிடி போட்டுகளுக்கு டீசல் எஞ்சின் திருத்துறவர். எஞ்சின் புகைச்சா டீசலோட கலந்து ஊத்துறதுக்கு ஒரு போத்தல் விக்குது. அவங்கள் அதுக்கு மருந்து எண்டுதான் சொல்றது.

ஹுனைஸ்: எவ்வளவு ஊத்தின?

ஸஹ்னா: மூடியால ரெண்டு. நீங்க பள்ளியால வந்து, சோறு திண்டுட்டு, ஷெட்டுக்குப் போய் டீசல் அடிப்பீங்கதானே? மருந்துக்கு மேல டீசல் விழுந்தாத்தான் நல்லாக் கலக்குமாம். அதான் வெள்ளிக்கிழமை.

ஹுனைஸ்: அளவு நீ கேட்டியா, அவ சொன்னாவா?

ஸஹ்னா: போத்தல்ல எழுதியிருக்கு. எனக்கும் வாசிக்கத் தெரியும்.

ஹுனைஸ்: யா அல்லாஹ்… அப்ப மதுரங்குளியில கெப் நடு ரோட்டுல நிண்டது?

ஸஹ்னா: அதுவும் என்னாலதான். உள்ளுக்குப் பிடிச்சிருந்த ஊத்தையெல்லாம் மருந்துக்குக் கழண்டு, பில்டர்ல வந்து அடைச்சிருக்கு. பழைய வாகனத்துக்கு முதல்ல அப்பிடித்தான் செய்யுமாம். டெனிஷா எனக்கு அத நீங்க நிண்ட பிறகுதான் சொன்னா.

ஹுனைஸ்: கழட்டிப் பார்த்தா பில்டர் தார் மாதிரி இருந்தது. நான் ரிஷாத் மேல சந்தேகப்பட்டன்.

ஸஹ்னா: என்ட தம்பி மேலயா?

ஹுனைஸ்: கெப்பைக் கேட்டான், நான் குடுக்கல. கோவத்துல டேங்குக்குள்ள சீனியக் கீனியப் போட்டுட்டானோ எண்டு…

ஸஹ்னா: அதாலதான் அவன் சலாம் சொன்னா நீங்க பதில் சொல்லாமத் திரும்பினீங்களா? அந்தப் புள்ள என்னட்ட வந்து அழாத குறை. போய் மன்னிப்புக் கேளுங்க.

ஹுனைஸ்: கேக்கிறன், கேக்கிறன். இப்ப ஒரு தேத்தண்ணி ஊத்து.

ஸஹ்னா: ‘ஊத்து’ எண்டு என்னட்ட சொல்லாதீங்க இனி. கிணத்தடிப் பக்கம் ராத்தா நிண்டாலும் நிப்பா.

ஹுனைஸ்: பகிடி விடாத. நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லு. என்ட வாகனம். என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லாம ஏன் ஊத்தின?

ஸஹ்னா: சொன்னா விட்டிருப்பீங்களா? டேங்குக்குள்ள டீசலத் தவிரத் தண்ணித் துளியும் போவக்கூடாது எண்டு தொழுகை மாதிரிச் சொல்றவர் நீங்க.

ஹுனைஸ்: அது ‘ஏன் சொல்லல’ எண்டதுக்குப் பதில். ஏன் ஊத்தின?

ஸஹ்னா: … வாகனப் புகைச் சோதனையில கெப் பெயில் ஆகி வந்த அண்டைக்கு நீங்க என்ன சொன்னீங்க? ‘இன்னொரு தரம் பெயில் ஆனா கெப்பை வித்துட்டு, கட்டாருல இருக்கிற லத்தீப் நானாவிட்ட வேலைக்குப் போறன்.’ அதுக்குத்தான் ஊத்தினன். பெயில் ஆகக் கூடாது எண்டு. ஏன் அப்பிடிப் பார்க்கிறீங்க? சோதனை எப்ப?

ஹுனைஸ்: காலையில போய் வந்துட்டன். பாஸ்.

ஸஹ்னா: அல்ஹம்துலில்லாஹ். காலையில பாஸாகி, இவ்வளவு நேரமும் வாய மூடிக்கொண்டா இருந்தீங்க? அப்ப இனி விக்கத் தேவையில்லயே.

ஹுனைஸ்: ஸஹ்னா… எத்தாளையில மிளகாய்த் தோட்டம் வச்சிருக்கிற ஹிஸ்புல்லா நானாவத் தெரியும்தானே? முந்தி வந்து பார்த்துட்டு, புகையப் பார்த்து வேணாம் எண்டு போனவர். இண்டைக்குச் சோதனை நடக்கிற இடத்துல நிண்டார். பாஸ் எண்டதும் கையப் பிடிச்சுட்டார். அஸர் தொழுகைக்குப் பிறகு வாறன் எண்டார்.

ஸஹ்னா: என்னத்துக்கு?

ஹுனைஸ்: கெப்பை எடுக்க.

ஸஹ்னா: நான் மருந்து ஊத்திச் சுகமாக்கினது… விக்கிறதுக்கா?

ஹுனைஸ்: எனக்கென்ன தெரியும் நீ ஊத்தினது? தானாச் சுகமாகிட்டு, வித்துப் போகச் சொல்லி அல்லாஹ் காட்டுறான் எண்டு நினைச்சன்.

ஸஹ்னா: முடிவாகல்ல எண்டீங்களே இப்ப கொஞ்சம் முந்தி.

ஹுனைஸ்: விசா வந்துட்டு. பத்து நாளாச்சு.

ஸஹ்னா: பத்து நாளா விசாவ ஒளிச்சு வச்சுக்கொண்டு, ஒளிச்சு ஊத்துறன் எண்டு என்னைச் சந்தேகப்பட்டிருக்கீங்க.

ஹுனைஸ்: நான் கட்டார் எண்ட அண்டைக்கு நீ என்ன சொன்ன? ‘உங்கட விருப்பம்.’ சொல்லிட்டுப் புட்டு அவிக்கப் போயிட்ட. இவளுக்கு ஒண்டுமில்லப் போல எண்டு எனக்குப் பட்டது. வெள்ளிக்கு வெள்ளி டேங்க் திறந்து ஊத்துறவளுக்கு, என்னட்ட வாய் திறக்க முடியலயா?

ஸஹ்னா: எப்பிடித் திறக்கிறது? நீங்க இருக்கிறது என்ட வாப்பா சீதனமாத் தந்த ஊடு. வெளிநாட்டுப் பயணம் சரிவந்த ஆம்பிள போகாம நிண்டா, உங்கட ராத்தாவும் உம்மாவும் என்ன சொல்லுவாங்க? பொஞ்சாதி மருந்து வச்சுக் கட்டிப்போட்டுட்டா எண்டுதான்.

ஹுனைஸ்: அதத்தான் அவங்கள் சொல்லி முடிச்சுட்டாங்களே. இனி என்ன பயம் உனக்கு?

ஸஹ்னா: … ஹோர்ன் அடிக்குது.

ஹுனைஸ்: கேக்குது. ஹிஸ்புல்லா நானாதான். சாவி எங்க?

ஸஹ்னா: என்ட கையில.

ஹுனைஸ்: தாறியா, இல்ல ஏதாவது சொல்றியா?

ஸஹ்னா: இந்தாங்க சாவி. கெப் குடுக்கிறதெண்டாக் குடுங்க… நீங்க போவாதீங்க மச்சான்.