மேல் ஸ்தாயியைக் கொஞ்சம் குறைத்தேன்

காது மெஷினுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் பேட்டரி மாற்றிவிட்டால் வாரம் முழுக்கக் கவலை இல்லை. என்னிடம் வருகிற எல்லோரிடமும் முதலில் இதைத்தான் சொல்வேன். முப்பத்து நான்கு வருடமாகச் சொல்கிறேன். கடைத்தெருவில் பேக்கரிக்கும் சாவி செய்பவருக்கும் நடுவில் என் கடை. முன்னால் நான்கு நாற்காலி, பின்னால் சத்தம் புகாத கண்ணாடி அறை, ஒரு கம்ப்யூட்டர். மெஷினை அதில் மாட்டி, யாருக்கு எந்தச் சத்தம் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு கூட்டுவேன், குறைப்பேன். நீங்கள் ஸ்டேஷனிலிருந்து வந்து விசாரிக்கிற வரைக்கும் யாரும் என்னை ஒரு குறை சொன்னதில்லை, மேடம்.

ஏன் செய்தேன் என்று கேட்டீர்கள். நாடகத்திலிருந்து ஆரம்பித்தால்தான் விளங்கும்.

‘குடைக்கடை ராணி’ என்ற இசை நாடகம் முதன்முதலில் மேடையேறியபோது எனக்கு இருபத்து நான்கு வயது. மழையே பெய்யாத ஊரில் குடைக்கடை வைத்திருக்கும் ஒருத்தி, வானிலை அலுவலகக் குமாஸ்தாவைக் காதலிக்கிற கதை. மேடைக்குக் கீழே பன்னிரண்டு வயலின். கடைசிக் காட்சியில் நிஜத் தண்ணீரைக் கொட்டுவார்கள். முன்வரிசைகள் தொப்பலாக நனையும். நான் இரண்டாவது வரிசையில்தான் உட்காருவேன். முப்பத்தொரு தடவை பார்த்தேன். மூன்று தடவை காய்ச்சலில் படுத்தேன். கலை என்றால் கொஞ்சம் காய்ச்சல் வரத்தான் செய்யும். ராணியாகப் பாடிய நடிகையம்மாவின் குரலைப் பற்றி நான் சொல்லி உங்களுக்குப் புரியாது. மன்னிக்க வேண்டும்.

கூட வந்து பார்த்தவள் என் அக்கா. தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள். எங்கள் இருவருக்குமே கல்யாணம் கூடி வரவில்லை. ஒரே வீட்டில் இருந்தோம். அவளுக்குக் காது மந்தமானபோது நானேதான் மெஷின் பொருத்தினேன்.

போன வருடம் அதே நாடகத்தைப் புதுப்பித்துப் போடுவதாகச் சுவரெல்லாம் போஸ்டர். முதல் நாளே இருவரும் போனோம். வயலின்காரர்கள் இருந்த பள்ளத்தில் கீபோர்டோடு ஒரே ஒருவர். குடைக்கடை இப்போது கம்ப்யூட்டர் கம்பெனி. குடை என்பது கதாநாயகியின் மனத்தடையாம்; கையேட்டில் போட்டிருந்தார்கள். மழையைத் திரையில் படமாகக் காட்டினார்கள். ஒருவர்கூட நனையவில்லை. நான் மாற்றுச் சட்டை கொண்டுபோயிருந்தேன்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். பக்கத்தில் திரும்பினால் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

வெளியே வந்ததும், “டேய், அத விட இது நல்லா இருக்குடா” என்றாள்.

“எத விட?”

“பழசத்தான் சொல்றேன். அந்தம்மா பாக்க லட்சணமா இருப்பாங்க, ஒத்துக்கறேன். பாட்டு சுமார்தானே. இந்தப் பொண்ணு என்னமா பாடுது.”

“உனக்குச் சரியா கேட்கல.”

“மெஷின் மாட்டினது நீதானே. எல்லாம் நல்லாவே கேட்குது.”

என் வேலையைப் பற்றி நானே புகார் சொல்லிக்கொள்ள முடியாது. ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

அடுத்த வாரத்திலிருந்து கடையில் கூட்டம். என் வாடிக்கையாளர்கள் எல்லோரும் பழைய நாடகத்தைப் பார்த்த வயதுக்காரர்கள்தானே. ரிட்டயரான கோர்ட் குமாஸ்தா ஒருவர் முதலில் வந்தார். “சனிக்கிழமை ராணி பாக்கப் போறேன் சார். பாட்டு நல்லா கேட்கிற மாதிரி வச்சுக் குடுங்க” என்றார். நான் மேல் ஸ்தாயியைக் கொஞ்சம் குறைத்தேன். வலிக்காது. ஆளுக்குப் பத்து நிமிட வேலை.

திங்கட்கிழமை அவராகவே வந்தார். “என்னங்க அந்தப் பொண்ணு, பானைக்குள்ள தலைய விட்டுப் பாடற மாதிரி பாடுது. அந்தக் காலத்துக் குரல் வருமா?”

என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் சொந்தக் காதால் கேட்டு, சொந்தமாக முடிவுக்கு வந்தார். ரசனையை யார் மேலும் திணிக்கக் கூடாது என்பது என் கொள்கை.

அப்படி அறுபத்து மூன்று பேர். பத்திரிகைக்கு வாசகர் கடிதம் எழுதினார்கள். ‘பொன்னான குரல் எங்கே, இந்த அமுங்கின குரல் எங்கே’ என்று ஒருவர் எழுதியதை நறுக்கி வைத்திருக்கிறேன். நாடகக் கம்பெனிக்காரர்கள் முதலில் ஒலிபெருக்கி ஆளை மாற்றினார்கள், பிறகு அந்தப் பெண்ணையே மாற்றினார்கள். இருபத்தாறு வயதாம். எனக்கும் வருத்தம்தான்; தானாக விலகியிருந்தால் கௌரவமாக இருந்திருக்கும். புதிதாக வந்தவளும் அவளைப் போலவே பாடுவதாகக் கேள்விப்பட்டேன். அதனால் வேலையை நிறுத்த முடியவில்லை.

சின்னச் சின்ன அசௌகரியங்கள் இருந்தன, மறைக்கவில்லை. சிலருக்கு வாசல் மணி கேட்கவில்லை. ஒருவர் அடுப்பில் குக்கரைக் கருக்கினார். பிரசவம் பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருவர், பேத்தியின் குழந்தை தன்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டதாக வந்து அழுதார். “வாய மட்டும் அசைக்குது தம்பி. என் மேல என்ன கோபமோ” என்றார். குழந்தைகளின் குரலும் மேல் ஸ்தாயிதான். அதை மட்டும் தனியாக விட்டுவைக்க அந்த மெஷினில் வழியில்லை. நான் அவருக்கு ஒரு பாக்கெட் பேட்டரி இலவசமாகக் கொடுத்தேன்.

அக்கா அதற்குள் மூன்று தடவை பார்த்துவிட்டாள். நாலாவதுக்குத் தோழிகளோடு டிக்கெட் எடுத்தாள். வேலை செய்துகொண்டே அந்தப் புதுப் பாட்டை முணுமுணுப்பாள். ஒரு சனிக்கிழமை காலையில் அவள் குளிக்கப் போனபோது, பேட்டரி பார்க்க வேண்டும் என்று சொல்லி மெஷினைக் கடைக்கு எடுத்துப் போனேன். அவளுக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே குறைத்தேன். அவள் ஆபரேட்டர். கம்பியில் வரும் குரலை வைத்தே ஆளைச் சொல்கிறவள். கொஞ்சமாகக் குறைத்தால் மிச்சத்தை வைத்தே குரலைப் பிடித்துவிடுவாள்.

நாடகம் பார்த்துவிட்டு வந்து, “இன்னிக்கு என்னமோ சப்புன்னு இருந்துச்சுடா” என்றாள். அன்று நாங்கள் ரொம்ப நேரம் பழைய நாடகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பல மாதத்துக்குப் பிறகு வீட்டில் அவ்வளவு சுமுகம்.

செவ்வாய்க்கிழமை மதியம் மருந்துக்கடைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. தண்ணீர் லாரி பின்பக்கமாக வந்திருக்கிறது. “ரிவர்ஸ் எடுத்தா கீ கீன்னு சத்தம் வரும் சார். தெருவே திரும்பிப் பாத்துச்சு. அந்தம்மா மட்டும் திரும்பல” என்று டிரைவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் சொன்னது உண்மைதான். அந்தச் சத்தம் ஸ்தாயியில் எந்த இடத்தில் இருக்கிறதென்று எனக்குத் தெரியும். அந்த இடத்தைத்தான் நான் எடுத்திருந்தேன். டிரைவரை விட்டுவிடுங்கள், நல்ல மனிதர்.

ஐந்தாம் நாள் கடையைத் திறந்தேன். நாடகத்துக்கு இன்னும் இரண்டு வாரம் பாக்கி இருந்தது. வாடிக்கையாளர்களைக் காக்க வைக்கக் கூடாது. மேலும் பத்தொன்பது பேருக்குச் செய்து கொடுத்தேன். கடைசி வாரம் அரங்கில் பாதி நாற்காலி காலி. நர்ஸம்மாவின் பேத்தி மெஷினை வேறு கடையில் காட்டியதால் நீங்கள் வந்தீர்கள். கெட்டிக்காரப் பெண்.

நேற்று அக்காவின் அலமாரியிலிருந்து ஒரு பழைய கேசட்டை எடுத்து வந்து, இந்த மேசையில் வைத்து ஓடவிட்டீர்கள். யார் பாடுகிறார்கள் என்று கேட்டீர்கள். நான் இரண்டு வரி கேட்டதுமே சொல்லிவிட்டேன்: புதிதாக வந்த பெண், மேலே போகப் போகக் குரல் மங்கிக் காணாமல் போகிறது, இதைத்தானே இத்தனை நாளாகச் சொல்கிறேன் என்று. நீங்கள் உறையைத் திருப்பிக் காட்டினீர்கள். முப்பத்தாறு வருடத்துக்கு முந்தைய தேதி, பழைய நடிகையம்மாவின் படம், கீழே அக்காவின் கையெழுத்து. போலீஸ் டாக்டர் எடுத்த காது பரிசோதனைத் தாளையும் பக்கத்தில் வைத்தீர்கள். மேல் ஸ்தாயி எனக்குக் கேட்காமல் போய்ப் பல வருடம் ஆகியிருக்கும் என்று அதில் எழுதியிருந்தது.

யாரோ உறையை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். உங்கள் டாக்டரின் மெஷினும் பழசு. அதை விடுங்கள். நீங்கள் அந்தப் பாட்டைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டதை நான் கவனித்தேன், மேடம். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது உங்களுக்கு. அதற்குள் காது இப்படி ஆகியிருக்கிறதே என்று எனக்கு ராத்திரி பூராவும் மனசே சரியில்லை.