இடது குதிகாலுக்கு அடியில்

யாருக்கும் இரண்டு கால்களும் ஒரே அளவில் இருப்பதில்லை, மேடம். உங்களுக்கு இடது கால் கொஞ்சம் பெரிது. நீங்கள் உள்ளே வந்தபோதே பார்த்தேன். இடது செருப்பின் வாரை ஒரு துளை தளர்த்தி மாட்டியிருக்கிறீர்கள். தப்பாக நினைக்க வேண்டாம். பதினாறு வருடம் ஷூ அறையில் இருந்தவனுக்கு முகத்தைப் பார்த்துப் பேசும் பழக்கம் விட்டுப்போகும்.

நானாக வந்து சொல்கிறேன் என்பதை உங்கள் விசாரணை அறிக்கையில் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை. என்மேல் யாருக்கும் சந்தேகம்கூட இருந்ததில்லை. அதுவே கொஞ்சம் வருத்தமான விஷயம்தான், அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் கிளப்பின் கால்பந்து அகாடமியில் ஒரு விதி உண்டு. ஷூக்கள் பையன்களோடு வீட்டுக்குப் போகாது. பயிற்சி முடிந்ததும் எண் போட்ட கொக்கியில் மாட்டிவிட்டுப் போவார்கள். மண்ணைத் தட்டுவது, துடைப்பது, உள் சோலை உருவி வெயிலில் காயவைத்து மறுபடி செருகுவது எல்லாம் என் வேலை. காலையில் பையன்கள் வகுப்பில் இருக்கும் இரண்டு மணி நேரமும் அறுபது ஜோடி ஷூவும் நானும்தான். தொந்தரவு இல்லாத வேலை.

என் தங்கை மகன் பன்னிரண்டு வயதில் அங்கே சேர்ந்தான். தங்கை தையல்காரி. தனி ஆளாக நின்று அவனை வளர்த்தவள். சேர்த்த அன்று ஷூ அறை வாசலில் நின்று, "நீ இருக்கேன்னு நம்பித்தான் விடறேன் அண்ணா, பாத்துக்கோ" என்றாள். ஷூ துடைப்பவனை நம்பி யாரும் எதையும் விட்டதில்லை. அந்த வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

எனக்குக் கால்பந்து தெரியாது, மேடம். ஆஃப்சைடு என்றால் என்ன என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் பட்டியல் தெரியும். ஒவ்வொரு வருடக் கடைசியிலும், அடுத்த வருடம் தொடரப்போகிறவர்கள் பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். ஒரு வயதுப் பிரிவில் இருபத்திரண்டு பேர் இருந்தால் சிலர் வீட்டுக்குப் போக வேண்டும். போகிறவர்கள் யார் என்று முன்கூட்டியே முடிவாகிவிட்டால், அதில் என் மருமகன் இருக்க மாட்டான். இதற்கு ஆஃப்சைடு தெரிய வேண்டியதில்லை.

முதலில் வாயாடி. எல்லோரும் அவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள், பெயருக்கு ஏற்ற பையன். "என்ன அங்கிள், ஷூவுக்குத் தாலாட்டா பாடறீங்க?" என்று தினமும் சீண்டுவான். அகாடமியை விட்டுப் போகிறவர்கள் திருப்பித் தரும் அடையாள அட்டைகளை வெட்டிப் போடுவதும் என் வேலைகளில் ஒன்று. எதையும் வீணாக்குவது எனக்குப் பிடிக்காது. ஒரு அட்டையில் குதிகால் வடிவத்தில் ஒரு துண்டு வெட்டி, அவனுடைய இடது ஷூவில் உள் சோலுக்கு அடியில் ஒட்டினேன். அட்டை மெல்லியதுதான். முதல் நாள் ஏதோ உறுத்துகிற மாதிரி இருக்கும், மூன்றாம் நாள் பழகிவிடும். காலுக்குத்தான் பழகும். ஒரு கால் மட்டும் உயர்ந்து நின்றால், வளர்கிற வயதில் முட்டிக்குப் பழகாது.

இரண்டு மாதத்தில் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பிசியோ அழுத்திப் பார்த்துவிட்டு, "வளர்ற வயசு, அப்படித்தான் இருக்கும்" என்றார். நானும் ஆமாம் என்றேன். ஐஸ் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் நான்தான். வருடக் கடைசியில் பட்டியலில் அவன் பெயர் இல்லை. ஷூ என் கொக்கியிலேயே தங்கிவிட்டது. துண்டை எடுத்து, துடைத்து, பின்பக்கம் அவன் எண்ணை எழுதி ஒரு டப்பாவில் போட்டேன்.

ஆறு வருடத்தில் ஏழு பேர். ஒருவன்மீதும் எனக்குக் கோபம் கிடையாது. வாயாடி மட்டும் கொஞ்சம். நான்காவது பையன் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் ஷூவ நல்லா பாத்துக்கிட்டீங்க அங்கிள்" என்று அழுதான். ஷூ துடைக்கும் துணியில் சுத்தமான பக்கமாகப் பார்த்து, முகம் துடைக்கக் கொடுத்தேன். நான் என்ன கல்லா?

ஐந்தாவது பையன் கோல்கீப்பர். அந்த இடத்துக்கும் என் மருமகனுக்கும் சம்பந்தமே இல்லை என்பது அவன் போன பிறகுதான் தெரிந்தது. அது என் தவறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவன் பெயரும் அதே பட்டியலில்தானே இருந்தது? பட்டியல் ஒட்டுகிறவர்கள் அதைப் பிரித்துப் போட்டிருக்கலாம்.

கடைசி ஆள் நெட்டை. மருமகனுக்கு உயிர்த் தோழன். ஞாயிற்றுக்கிழமை மதியம் தங்கை வீட்டில்தான் சாப்பிடுவான், கூச்சமே இல்லாமல் இரண்டாம் முறை கேட்டு வாங்குவான். பதினேழு வயதில் இருவர் பெயரும் கிளப்பின் பெரிய அணிக்குப் பேசப்பட்டது. எத்தனை இடம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நேரம் குறைவாக இருந்ததால் அவனுக்கு இரண்டு துண்டு வைத்தேன். பயிற்சியில் திரும்பும்போது முட்டி கிழிந்துவிட்டது. இப்போது கைத்தடியோடு நடக்கிறான். தடியின் ரப்பர் முனை தேய்ந்தபோது நான்தான் மாற்றிக் கொடுத்தேன்.

மருமகனின் முதல் பெரிய ஆட்டம் போன மாதம் நடந்தது. வாழ்க்கையில் நான் உட்கார்ந்து பார்த்த ஒரே ஆட்டம் அது. எழுபதாவது நிமிடம் இறக்கினார்கள். எண்பத்து மூன்றில் கோல். பக்கத்தில் இருந்தவர் என்னைக் கட்டிப்பிடித்தார், யாரென்றே தெரியாது. அவன் காலில் இருந்த ஷூவை அன்று காலை நான்கு முறை துடைத்திருந்தேன். என் கண்ணில் தண்ணீர் வந்தது உண்மை.

ஆட்டம் முடிந்ததும் டிவிக்காரர்கள் மைக்கை நீட்டினார்கள். அம்மாவுக்கு நன்றி சொன்னான். கோச்சுக்கு, பிசியோவுக்கு, வேன் டிரைவருக்குச் சொன்னான். "இந்த கோல் நெட்டையோடது" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் இல்லை. சின்னப் பையன், பதற்றத்தில் விட்டுப்போயிருக்கும். மறுநாள் சாப்பிடும்போது பேச்சுவாக்கில், "யாரோ ஒருத்தர விட்டுட்ட மாதிரி இருந்துச்சேடா" என்றேன்.

அவன் நன்றாக யோசித்தான். "ஆமா மாமா, ஜெர்சி துவைக்கிற அக்காவ மறந்துட்டேன்" என்றான்.

அதன் பிறகுதான் டப்பாவை எடுத்து வந்து காட்டினேன். ஒவ்வொரு துண்டாக எடுத்துவைத்து, யாருடையது என்றும் சொன்னேன். சந்தோஷப்படுவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. புரிந்துகொள்வான் என்று நினைத்தேன். தட்டில் வைத்த கையை அவன் எடுக்கவே இல்லை. "நெட்டை பாஸ் குடுத்தாத்தான் மாமா நான் கோல் போடுவேன்" என்றான். "எங்களுக்கு ரெண்டு இடம் இருந்துச்சு."

தங்கை டப்பாவை மூடினாள். "அண்ணா, இது வெளிய தெரிஞ்சா இவன் வாழ்க்கையே போச்சு. உன் கால்ல விழறேன், வாயத் திறக்காத." பாவம், அவளுக்குத் தன் பிள்ளை மட்டும்தான் தெரியும். அந்த ஏழு வீட்டிலும் பிள்ளைகள் இல்லையா? அவர்களுக்கு உண்மை தெரிய வேண்டாமா? மனசாட்சி என்று ஒன்று இருக்கிறது, மேடம். போன மாதம் வரை அது என்னைத் தொந்தரவு செய்யவில்லை என்பது வேறு விஷயம்.

போன தடவை நான் வந்தபோது நீங்கள் காட்டிய கோச்சின் நோட்டைப் பார்த்தேன். சேர்ந்த முதல் மாதத்திலிருந்தே என் மருமகன் பெயர்தான் மேலே இருக்கிறது. "இவனை யாரும் கெடுக்காமல் இருந்தால் போதும், தானாக வருவான்" என்று அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறார். நோட்டில் யாரும் எதையும் எழுதலாம். கையெழுத்தும் சகிக்கவில்லை.

நான் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்பதையும் அன்றைக்கே பொறுமையாக விளக்கினீர்கள். அவனுக்கும் இதில் பங்கு உண்டா என்று விசாரித்து முடிக்கும் வரை அவன் ஆட முடியாது. இரண்டு வருடம் ஆகலாம். குற்றமில்லை என்று தீர்ப்பு வந்தாலும் எந்த கிளப்பும் யோசிக்கும். வீட்டுக்குப் போய் நிதானமாக யோசித்துவிட்டு வாருங்கள் என்றும் சொன்னீர்கள். யோசித்துவிட்டுத்தான் வந்தேன். கீழே வரவேற்பறையில் அவன் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறான் என்பதும் தெரியும். என்னைப் பார்த்ததும் எழுந்தான், "மாமா, வேண்டாம்" என்றான். தோளைத் தட்டிவிட்டு மேலே வந்தேன்.

ஏழு பேரின் முட்டியையும் கெடுத்தவன் நான்தான். தெரிந்தே செய்தேன், தனியாகச் செய்தேன், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. டப்பா இதோ இருக்கிறது, எட்டுத் துண்டும் உள்ளே இருக்கின்றன.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? இங்கேயா? முதல் பக்கத்தில் 'குற்றம் செய்தவர்' என்று தட்டச்சு செய்திருக்கிறீர்கள், எனக்கு ஆட்சேபனை இல்லை. பத்திரிகைகளுக்குக் கொடுக்கும் பிரதியில் மட்டும் அதற்கு மேலே 'இந்த ஆட்டக்காரரை உருவாக்கியவர்' என்று ஒரு வரி சேர்த்து, என் பெயரை முழுசாகப் போட்டுவிடுங்கள்.