சமையலுக்கு வந்த அம்மா

— தலையில கை வைக்காதீங்க, தையல் பிரிஞ்சிடும்.

— எவன் மழிச்சான் இதை? இத்தனை வருஷமா சலூன் வச்சிருக்கேன், இப்படி ஒரு காதோரம் எடுத்ததில்ல.

— மூளையில ஆபரேஷன் பண்ணியிருக்காங்க. இவருக்குக் காதோரம்தான் கவலை! தையல் நல்லா நெருக்கமா விழுந்திருக்கு. என் மெஷின்ல தைச்சாகூட இப்படி வராது.

— நீங்க தைப்பீங்களா?

— என்ன கேட்டீங்க?

— தைப்பீங்களான்னேன். என் பொண்டாட்டிகூடத் தைப்பா. அவ எங்க?

— வெளிய போயிருக்காங்க. வந்துடுவாங்க.

— எனக்கு வலிப்பு வந்து தெளியுறப்பல்லாம் நீங்க இதையேதான் சொல்றீங்க. முகம் மட்டும் அச்சு அசலா அவ முகம். போன தடவை பயந்துபோய் உங்களை வெளிய தள்ளிக் கதவைச் சாத்திட்டேன்ல?

— அதனால என்னங்க. சமையலுக்கு வந்திருக்கேன்னு சொன்னதும் திறந்து விட்டீங்களே.

— விட்டேன். சாப்பிட்டுட்டு, என் பொண்டாட்டி கைப்பக்குவம் உங்களுக்கு வராதுன்னும் சொன்னேன்.

— சொன்னீங்க. எனக்குச் சிரிப்பை அடக்க முடியல.

— டாக்டர் என்ன சொன்னார்?

— வலிப்பு நின்னுடும்னு நம்பிக்கையா சொன்னார். வலிப்பு தெளிஞ்சதும் ஆள் மாறித் தெரியுதே, அதுதான்… போகலாம், போகாமலும் இருக்கலாம், பொறுத்துப் பாருங்கன்னார்.

— ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டீங்க?

— மருந்து நெடி. கண்ணு எரியுது.

— அவ வந்தா ஒண்ணு சொல்லணும். சொல்வீங்களா?

— சொல்றேங்க.

— தலையைத் திறக்கணும்னதும் எனக்குக் குலை நடுங்கிப் போச்சு. செத்தாலும் பரவாயில்லன்னு சம்மதிச்சது வலிப்புக்காக இல்ல. வலிப்பு எனக்கு வந்து போற விருந்தாளி மாதிரி. சொந்த வீட்டு வாசல்ல, சமையல்காரின்னு பொய் சொல்லிக்கிட்டு ஒருத்தி நின்னா பாருங்க. அவளை இன்னொரு தடவை அப்படி நிக்க வைக்கக் கூடாதுன்னுதான்.

— இருங்க, இருங்க. யாரு நின்னா? இப்ப யாரைச் சொன்னீங்க?

— அழாதடி. ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்ச அன்னைக்கே உன்னை அடையாளம் தெரிஞ்சிடுச்சு. இதை நேரா உன்கிட்டச் சொல்லத்தான் வாய் வரல, அதான் கடைசியா ஒரு தடவை அந்தச் சமையலம்மாவைக் கூப்பிட்டேன்.