டூல் மேல் தப்பில்லை

நான் வாங்கச் சொன்ன டூலில் எந்தக் கோளாறும் கிடையாது என்று சொல்லத்தான் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். டீ வேண்டாம் சார், இப்போதுதான் குடித்தேன்.

பெயர் கோவிந்தராஜுலு. அவினாசி ரோட்டில் எங்கள் கம்பெனி. ஆலைகளுக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக் கொடுக்கிறோம். எனக்குக் கீழே ஐந்து பேர். போன வருஷம், தொண்ணூற்றேழு ஆடியில், எங்கள் புரோகிராம்களைப் பாதுகாக்க ஒரு டூல், அதுவும் ஒரு புரோகிராம்தான், வாங்குவது என்று முடிவானது. அதுவரை யார் எதை மாற்றினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. கேட்டால் ஆளாளுக்குக் கையை விரிப்பார்கள். அந்தப் பொறுப்பில்லாத்தனம் எனக்கு அறவே பிடிக்காது.

மூன்று டூல்களைப் பார்த்தேன். முதலாவதில் எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு. இரண்டாவதில் பழைய பதிவை அழிக்க முடிந்தது. நானே அழித்துப் பார்த்தேன். மூன்றாவதில் ஆளுக்கொரு பாஸ்வேர்டு. எந்த வரியைத் தொட்டாலும் தொட்டவர் பேர், தேதி, நேரம் விழும். அழிக்க வழியே இல்லை. போதாததற்கு, ஒருவர் மாற்றியதை இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் வெளியே அனுப்ப விடும். மூன்றாவதை எடுத்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் எடுப்பேன்.

அதை நிறுவ பெங்களூரிலிருந்து வந்தவர், ஒருவர் பாஸ்வேர்டு அடிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நம் ஊரில் அது நடக்கிற காரியமா? மேலதிகாரி பின்னால் வந்து நிற்கும்போது, கொஞ்சம் அந்தப் பக்கம் பாருங்க என்று யார் சொல்வார்கள்? உங்களைத் திருடன் என்று நினைக்கிறேன் என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி ஆகிவிடும். ஐந்து பேரும் என் கண் முன்னாலேயே அடித்தார்கள். அதிலும் ராமாமணி, நான் நின்றால் உட்காரமாட்டாள். எழுந்து நின்றுகொண்டே ஒற்றை விரலால் அடிப்பாள். கீபோர்டு முழுவதும் தெரியும். பூவாத்தாள் என்று அவள் அம்மா பேர்தான் பாஸ்வேர்டு.

ராமாமணிதான் காரமடை சாயப்பட்டறையின் பாய்லருக்குப் புரோகிராம் எழுதியவள். அழுத்தம் பத்து கிலோவைத் தொட்டால் அடுப்பு தானாக அணைந்துவிடும். மாசியில் பட்டறை முதலாளி போன் செய்தார்.

"ஏனுங்க, உங்க கம்ப்யூட்டரு ஒரு நாளைக்கு நாலு வாட்டி அடுப்ப அணைச்சுப்போடுதுங்க. சாயம் திட்டுத்திட்டா நிக்குதுங்க. சரி பண்ண முடியலீன்னா எடுத்துட்டுப் போயிருங்க."

மரியாதையாகத்தான் சொன்னார். ராமாமணியைக் கூப்பிட்டு, "அம்மணி, பத்தைப் பன்னெண்டா மாத்திக் குடு" என்றேன்.

"அது ஆகாதுங்க சார். பழைய பாய்லருங்க. அழுத்தத்த வெளியேத்தற வால்வு வேற இறுகிக் கெடக்குதுங்க. மயில்சாமியண்ணன் நாள் பூரா அதுக்குப் பக்கத்துலதானுங்க நிக்கறாரு."

மயில்சாமி அங்கே பாய்லர் ஓட்டுபவர். ராமாமணி சொன்னது சரி என்று எனக்கும் தெரியும். நானும் பாய்லரைப் பார்த்தவன். ஆனால் எங்கள் கம்ப்யூட்டர் ஒரு பட்டறையிலிருந்து திரும்பி வந்தது என்ற பேச்சு கிளம்பினால் மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒருவரும் எங்களை உள்ளே விடமாட்டார்கள். அவளிடம் சரி, விடு என்று சொல்லிவிட்டேன். மனசு நோகும்படி ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு அவள் மேசையில் உட்கார்ந்தேன். அவள் பேரைப் போட்டு, பூவாத்தாள் என்று அடித்து, பத்தைப் பன்னிரண்டு ஆக்கினேன். ஒரே ஒரு எண். டூல் உடனே ராமாமணி என்று பதிந்துகொண்டது. மணி ஒன்று இருபது. சாயந்தரம் ஒப்புதல் விழுந்ததும் ஃபிளாப்பியில் ஏற்றிக் காரமடை பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன். முதலாளி போன் செய்து நன்றி சொன்னார்.

பதினேழாம் நாள் பாய்லர் வெடித்தது. மயில்சாமி அங்கேயே போய்விட்டார். நானும் போய் மாலை போட்டுவிட்டு வந்தேன். உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது.

விசாரணைக்கு வந்தவர்கள் டூலின் பதிவை அச்செடுத்துக் கேட்டார்கள், கொடுத்தேன். ராமாமணி என் முகத்தையே பார்த்தாள். "நான் மாத்தலீங்க. சாருக்குத் தெரியுமுங்க. நீங்களே சொல்லுங்க சார்" என்றாள். பதிவில் என்ன இருக்கிறதோ அதுதான் என்றேன். அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. அன்றைக்கே அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

இதெல்லாம் அப்படியே முடிந்திருக்கும். இப்போது அவளுடைய வக்கீல் கோர்ட்டில், டூல்தான் பேரை மாற்றிப் பதிந்திருக்கிறது, தரமில்லாததை யாரோ தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்கிறார். ஆபீஸில் அதைத் தூக்கிப் போடப் போகிறார்களாம். இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று மாதம் அலசிப் பார்த்து எடுத்தது சார். பூவாத்தாள் என்று அடித்தவருக்கு ராமாமணி என்று பேர் போட்டது. அது வேறு என்ன செய்யும்?

ஐந்து பேரின் பாஸ்வேர்டும் தெரிந்திருக்க, ஏன் அந்தப் பெண்ணின் பேர் என்று கேட்கிறீர்கள். மாற்றியதைப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டியவன் பக்கத்து செக்‌ஷன் நஞ்சுண்டன்; அவன் பாஸ்வேர்டு எனக்குத் தெரியாது. என் பேரிலோ மற்றவர்கள் பேரிலோ போயிருந்தால் வரி வரியாகப் பார்த்திருப்பான். ராமாமணி செய்தது என்றால் திறந்துகூடப் பார்க்கமாட்டான். பார்க்கவும் இல்லை. ஆபீஸே அவளை அப்படி நம்பியது. நானும்தான். அவள் மேல் எனக்கு மரியாதை இல்லை என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது.